வெளியிலிருந்து ஊசியா, மூச்சுக்குழாய் வழியாகவா?

அப்பாவின் சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல்பகுதியில் 3 செ.மீ. கட்டி. மூச்சுக்குழாயை ஒட்டி நடுமார்பில் ஒரு நிணநீர் முடிச்சும் வீங்கியிருந்தது. புற்றுநோய்தானா என்று உறுதிசெய்யத் திசு வேண்டும். ஒரு டாக்டர் சிடி பார்த்துக்கொண்டே மார்புச் சுவர் வழியாகக் கட்டியில் ஊசி போடலாம் என்றார். இன்னொருவர் ஈபஸ் என்றார்: வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்கி, அதன் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசியால் முடிச்சிலிருந்து திசு எடுப்பது. நாங்கள் ஈபஸ் பக்கம் போனோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

சளிப் பரிசோதனையை விட்டுவிடலாம். ஓரத்தில் இருக்கும் கட்டி அதில் பெரும்பாலும் சிக்காது. ரத்தத்தில் கட்டியின் மரபணுத் துணுக்குகளைத் தேடும் சோதனை துணைக்கு நல்லது. ஆனால் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால் நோய் இல்லை என்று ஆகாது.

சிடி ஊசியைக் குறை சொல்ல மாட்டேன். ஓரத்துக் கட்டிக்கு அதுதான் நேர்வழி. சுமார் 10 பேரில் 9 பேருக்கு விடை கிடைத்துவிடும். தொல்லை, காற்றுக் கசிவு. ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும். பலருக்குத் தானாக அடங்கிவிடும், சிலருக்கு அந்தக் காற்றை வெளியேற்ற மார்பில் குழாய் போட வேண்டிவரும். அப்பாவுக்குப் பழைய சிகரெட் பழக்கத்தால் எம்பைசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதைந்திருப்பது) வேறு, அதாவது கசிவு அபாயம் இன்னும் கூடுதல்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது அதுவல்ல, அந்த முடிச்சு. கட்டியில் ஊசி போட்டால் கட்டி என்னவென்று தெரியும், அவ்வளவுதான். முடிச்சுக்கும் நோய் பரவியிருந்தால் ஸ்டேஜே மாறிவிடும். கட்டி இருக்கும் பக்கத்து நடுமார்பு முடிச்சு என்றால் நேரே அறுவைக்குப் போவது பெரும்பாலும் சரிவராது. எதிர்ப்பக்கத்து முடிச்சு என்றால் அறுவைப் பேச்சே பொதுவாக எழாது. சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் பெட் ஸ்கேனில் முடிச்சு ஒளிர்ந்தால் போதாதா என்று கேட்டேன். காசநோயிலும் ஒளிரும் என்றார் டாக்டர். ஆக, கட்டியை முதலில் குத்தினாலும் முடிச்சுக்காக இன்னொரு முறை படுக்க வேண்டும். முடிச்சிலிருந்தே எடுத்தால் நோயின் பெயரும் ஸ்டேஜும் ஒரே தடவையில் தெரிந்துவிடும்.

ஈபஸ் செய்யும்போது எதிர்ப்பக்கத்து முடிச்சுகளைத்தான் முதலில் குத்தினார்கள். நோயுள்ள இடத்துச் செல்கள் ஊசியோடு சுத்தமான முடிச்சுக்குப் போய்க் குழப்பிவிடக் கூடாதாம். அப்பாவுக்கு இரண்டு நாள் தொண்டை கரகரப்பு, சளியில் லேசாக ரத்தம். அவ்வளவுதான்.

முடிச்சிலும் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று ரிப்போர்ட் வந்தது. அறுவைக்குக் குறித்திருந்த தேதியை சர்ஜனே ரத்து செய்தார்.

முடிச்சே வீங்காமல் ஓரத்தில் கட்டி மட்டும் இருந்திருந்தால் நானும் சிடி ஊசிதான் கேட்டிருப்பேன். பெருந்தமனிக்கு அப்பால் இருக்கும் முடிச்சுகளை ஈபஸ் வழக்கமாக எட்டாது. சந்தேகம் பலமாக இருந்து ஈபஸில் ஒன்றும் இல்லை என்று வந்தால், கழுத்தடியில் கீறி எடுக்கும் மீடியாஸ்டினோஸ்கோப்பி வரை போக வேண்டிவரலாம். அந்தக் கட்டம் எங்களுக்கு வரவில்லை. அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது.

ஈபஸில் வருவது நூல் நூலான துணுக்குகள். பிடி-எல்1 (இம்யூனோதெரபி எந்த அளவு உதவலாம் என்று காட்டும் புரதம்) பார்க்க மட்டுமே குறைந்தது 100 புற்றுச் செல்கள் வேண்டும். எந்த மாத்திரை ஒத்துவரும் என்று சொல்லும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுச் சோதனைகள் தனி. அதனால் செல் பிளாக் (துணுக்குகளைச் சேர்த்து மெழுகில் பதித்துவைப்பது) செய்யும் அளவுக்கு எடுங்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். நாலைந்து முறை குத்தி எடுத்தார்கள். ஃபார்மலின் புட்டியின் அடியில் சிவப்பு இழைகளாகத் தங்கியிருந்ததிலேயே மரபணுச் சோதனை வரை எல்லாம் முடிந்தது. திசுவுக்காக இன்னொரு தடவை படுக்க வேண்டியிருக்கவில்லை.