சுங்கை சிப்புட்டில் கேன் பிளீச்: கேனை வாங்கலாம், ஊற்றிக் கொடுக்கும் போத்தல் வேண்டாம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனில் உள்ள ஒரு ஹார்ட்வேர் கடையில் பிளீச் மூன்று விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, லேபிள் ஒட்டிய வீட்டு உபயோகப் போத்தல். கிருமியைக் கொல்லும் மருந்தான சோடியம் ஹைபோகுளோரைட் 5.25 சதவீதம். இரண்டாவது, 20 லிட்டர் நீலக் கேன். 10 முதல் 12 சதவீதம். மூன்றாவது, அதே கேனிலிருந்து பழைய மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிக் கொடுக்கும் சில்லறைச் சரக்கு. முதல் இரண்டும் நல்ல சரக்கு. மூன்றாவதைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஆனால் விலை குறைவு என்பதால் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் போவது பெரும்பாலும் அதுதான்.

முதலில் விலைக் கணக்கு. பிளீச்சை லிட்டர் கணக்கில் ஒப்பிடுவதில் பயனில்லை. உள்ளே மருந்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 5.25 சதவீதப் போத்தல் 2 லிட்டர் என்றால் அதில் இருப்பது சுமார் 105 கிராம். 10 சதவீதக் கேன் 20 லிட்டரில் சுமார் 2,000 கிராம். ஒரு கேன் ஏறக்குறைய 19 போத்தலுக்குச் சமம். கேன் விலையை 19ஆல் வகுத்துப் பாருங்கள், போத்தலை விடப் பெரும்பாலும் மலிவாகத்தான் வரும்.

மலிவுதான், ஆனால் யாருக்கு? தரை துடைக்கும் அளவுக்கு நீர்த்தால் ஒரு கேனிலிருந்து 2,000 லிட்டர் கரைசல் வரும். வீட்டில் நாளுக்கு 5 லிட்டர் செலவானால் கேன் தீர 400 நாள் ஆகும். அதற்குள் சரக்கு செத்துவிடும். பிளீச் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் தானாகவே சிதைந்து உப்பாகவும் குளோரேட்டாகவும் மாறும். செறிவு கூடக் கூடச் சிதைவும் வேகமெடுக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேகம் மூன்று நான்கு மடங்காகும். தகரக் கூரைக்கு அடியில் வைத்த 12 சதவீதக் கேன் சில மாதங்களிலேயே பாதி வலுவுக்கு இறங்கலாம். மணம் மட்டும் அப்படியே இருக்கும், அதை நம்பாதீர்கள். ஆக, கேன் கோயிலுக்கும் பள்ளிக் கேன்டீனுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பொருந்தும். நாளுக்கு 40 லிட்டர் கரைசல் ஓடும் இடத்தில் 50 நாளில் தீர்ந்துவிடும். வீட்டுக்கு 5.25 சதவீதப் போத்தலே போதும்.

கேன் வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். இந்தக் கடையில் கேன்கள் பின்பக்க நிழலில், தரையில் இருக்கின்றன. இது பாராட்ட வேண்டிய விஷயம். லேபிளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வேலை இடங்களுக்கு விற்கும் அபாயகரமான ரசாயனத்துக்கு அப்படி லேபிளும் பாதுகாப்புத் தரவுத் தாளும் வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கிளாஸ் (CLASS) எனப்படும் ரசாயன லேபிள் விதிமுறை சொல்கிறது. கேன்டீன் நடத்துபவர் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். வலுவைச் சோதிக்க 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு) வரை காட்டும் குளோரின் சோதனைத் தாள் வேண்டும். நீச்சல் குளத்துக்கான தாள் 10 பிபிஎம் அளவிலேயே நின்றுவிடும், இதற்கு ஆகாது. 10 சதவீதச் சரக்கில் 10 மில்லியை 990 மில்லி நீரில் கலந்தால் தாள் ஏறக்குறைய 1,000 காட்ட வேண்டும். 500 காட்டினால் சரக்கு பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

கேன் மூடியில் காற்றுப் போக்கி உண்டு. சரக்கு சிதையும்போது கொஞ்சம் வாயு பிறக்கும். இரும்பு, செம்புத் துகள் விழுந்தால் அது இன்னும் கூடும். மூடி தொலைந்தது என்று வேறு இறுக்கமான மூடியைப் போட்டால் கேன் உப்பி, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிய சரக்குக்கும் இதே கதிதான். அதைவிடப் பெரிய கேடு, பிள்ளைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடிப்பது. பார்க்கத் தண்ணீருக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்தப் போத்தலில் எத்தனை சதவீதம் என்றும் யாருக்கும் தெரியாது. வாங்கியவர் வீட்டு அளவில் ஊற்றினால் கரைசல் இரண்டு மடங்கு காரமாகிவிடும்.

கலக்கும் அளவு இதுதான். தரை, கதவுப் பிடி, கழிப்பறைக்கு 1,000 பிபிஎம்: 5.25 சதவீதச் சரக்கு 100 மில்லியுடன் 4.9 லிட்டர் நீர். 10 சதவீதம் என்றால் 50 மில்லியுடன் 4.95 லிட்டர். இரத்தம், வாந்தி சிந்திய இடத்துக்கு 5,000 பிபிஎம்: 5.25 சதவீதச் சரக்கு ஒரு பங்கு, நீர் ஒன்பது பங்கு. சிந்தியதை முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். கழுவிய தட்டு டம்ளருக்கு லிட்டருக்கு 5.25 சதவீதச் சரக்கு 2 முதல் 4 மில்லி போதும். அதற்கு மேல் ஊற்றினால் நன்றாக அலச வேண்டியிருக்கும். அளவெடுக்க மூடியைப் பயன்படுத்தாதீர்கள், ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வோர் அளவு. இருமல் மருந்துக் கிண்ணம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், அது மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது.

பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சுடுநீர் ஊற்றினால் மருந்து சிதையும், ஆவியும் கண்ணில் ஏறும். வாளியில் முதலில் நீர், பிறகு பிளீச். மாற்றிச் செய்தால் காரமான சரக்கு மேலே தெறிக்கும். காலையில் கலக்கியதை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

பிளீச் அடித்தும் பலனில்லை என்று வரும் புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் அழுக்கு. சேறு, எண்ணெய்ப் பிசுக்கு, சாணம் எல்லாம் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, பிறகுதான் பிளீச். ஊற்றிய பிறகு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த வீட்டுக்கும் எலி நடமாடும் ஸ்டோருக்கும் இதே வரிசைதான். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரா கிருமி குளோரினுக்கு எளிதில் சாகும். பாலர் பள்ளிகளில் கை கால் வாய் நோய் வந்தால் பொம்மைகளுக்கு ஆல்கஹால் ஜெல் தேய்ப்பதை நம்ப வேண்டாம். 1997இல் சரவாக்கில் குழந்தைகளின் உயிரைக் குடித்த என்டெரோவைரஸ் 71 போன்ற கொழுப்புறை இல்லாத வைரஸ்களிடம் ஆல்கஹால் அவ்வளவாக எடுபடாது, பிளீச் எடுபடும்.

இனி, இந்தக் கடையின் பெரிய குறை. பிளீச் கேன்களுக்கு அடுத்த தட்டிலேயே ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் கழிப்பறை ஆசிட். பிளீச்சில் எந்த அமிலம் பட்டாலும் குளோரின் வாயு கிளம்பும். இரண்டு கேன் ஒன்றாகக் கசிந்தால் கடைக்குள்ளேயே நடக்கும். வீட்டிலும் கதை அதுதான்: பால்மரம் வெட்டும் குடும்பங்களில் ஆசிட் போத்தலும் பிளீச் போத்தலும் குளியலறை மூலையில் ஒன்றாக நிற்கும். ஃபார்மிக் ஆசிட் கலக்கிய வாளியைக் கழுவாமல் அதில் பிளீச் ஊற்றினாலே போதும். கழிப்பறையில் ஆசிட் ஊற்றி மஞ்சள் கறை போகவில்லை என்று மேலேயே பிளீச் ஊற்றுவது இன்னும் மோசம். கோயிலில் பித்தளையைப் புளியால் தேய்த்த நீர் தேங்கிய சாக்கடையும் அமிலம்தான். வீரியம் கூடும் என்று பிளீச்சில் வினிகர் கலக்கச் சொல்லி வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்பை எழுதியவரை எங்கே தேடுவது?

அமோனியாவும் ஆகாது. கோழிக் கொட்டகை எருவிலும் மாட்டுக் கொட்டகைச் சிறுநீரிலும் அமோனியா உண்டு. அதன் மேல் பிளீச் ஊற்றினால் குளோரமின் வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். எருவை வாரி, தண்ணீர் அடித்துக் கழுவி, பிறகே பிளீச். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களிலும் அமோனியா இருக்கும்.

குளோரின் காற்றை விட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தங்கும். குந்தும் கழிப்பறையில் குனிந்து தேய்ப்பவர் மூக்குக்கு நேரே நிற்கும். மருத்துவ முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. காரம் ஏறினால் துடைத்து முடிக்கலாம் என்று நிற்காமல் வெளியே வந்து, மேடான, காற்றோட்டமான இடத்துக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு இறுகினாலோ 999. சரியாகிவிட்டது போலத் தோன்றினாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் கிளினிக் போக வேண்டும். கண்ணில் பட்டால் பைப் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம், இமையைத் திறந்து பிடித்துக் கழுவுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தொண்டை இரண்டாம் முறையும் வேகும். வாயைக் கொப்பளித்துவிட்டு தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.

கையுறையும் கண்ணாடியும் கேனிலிருந்து ஊற்றும்போது அவசியம். கடையில் இரண்டும் உண்டு, தடித்த ரப்பர் கையுறையே போதும். கைப் பம்பு கேட்டு வாங்குங்கள், 20 லிட்டரைச் சாய்த்து ஊற்றினால் சிந்தாமல் இருக்காது. ஸ்பிரே அடிக்காதீர்கள். ஆள் மேல் கிருமிநாசினி தெளிப்பது கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது இன்றைக்கும் பொருந்தும். பட்டும் கம்பளியும் இதில் கரையும். எவர்சில்வரை அலசாமல் விட்டால் புள்ளி விழும், அலுமினியம் கறுக்கும்.

அதே கடையில் நீச்சல் குளக் குளோரின் தூளும் விற்கிறார்கள். அது கால்சியம் ஹைபோகுளோரைட், 65 முதல் 70 சதவீதம். பிளீச்சுக்குப் பதில் அதை எடுக்காதீர்கள். எண்ணெயோ சர்க்கரையோ பட்டால் தீப்பிடிக்கும், குளத்துக்கான வேறு குளோரின் மாத்திரையோடு சேர்ந்தால் வெடிக்கும். தூளைத்தான் நீரில் போட வேண்டும், தூள் மேல் நீரை ஊற்றக் கூடாது.

காலிக் கேனைக் கடை திருப்பி எடுத்துக்கொள்கிறது, நல்ல ஏற்பாடு. கொடுப்பதற்கு முன் மூன்று முறை அலசிவிடுங்கள். வீட்டிலேயே வைத்துக்கொள்வதென்றால் குடிநீர் பிடிக்கவோ பால் ஆசிட் கலக்கி வைக்கவோ அந்தக் கேனை எடுக்காதீர்கள். அடியில் ஒட்டிய கொஞ்சம் பிளீச்சும் ஆசிட்டோடு சேர்ந்தால் வாயுவாகிவிடும்.