கிளட்ச் உதறுகிறதா? மவுண்டிங், பிளேட், ஃப்ளைவீல் மூன்றையும் ஒப்பிட்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தின் மேட்டுத் தெருக்களில் ரோபோட் (சிக்னல் விளக்கு) பச்சையானதும் கிளட்சை மெல்ல விடுகிறோம், கார் கடகடவென்று உதறுகிறது. "கிளட்ச் போச்சு" என்று முடிவுகட்டி, கியர் பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுபவர்கள்தான் அதிகம். செலவில் பெரும்பங்கு அந்த இறக்கும் கூலிதான். அதனால் எதை முதலில் சந்தேகிக்கிறோம் என்பதில் காசு இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே பிரித்துவிடலாம். கிளட்ச் உதறல் என்பது பெடல் பாதி வழியில் இருக்கும்போது மட்டும் வருவது. காலை முழுக்க எடுத்த பிறகும் மூன்றாவது கியரில் குலுங்கினால் பிளக்கையும் காயிலையும் பாருங்கள்.

மவுண்டிங் (என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் பிடிமானம்) தேய்ந்திருந்தால் பெரும்பாலும் புறப்படும்போதும் ரிவர்ஸிலும் "டொக்" என்று ஒரு பெரிய இடி, அதன் பிறகு அமைதி. கோல்ஃப் ஜிடிஐ போல என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் கீழே இருக்கும் டார்க் மவுண்டிங்கின் ரப்பரைப் பாருங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5இல் கியர் பாக்ஸையும் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இணைக்கிறது. அதன் போல்ட்டுகளையும் டிஃபரன்ஷியல் புஷ்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் கியர் பாக்ஸைத் தொடவே வேண்டாம். தேய்ந்த மவுண்டிங் சின்ன கிளட்ச் உதறலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், என் கணக்கில் வரிசையில் முதல் இடம் இதற்குத்தான்.

கிளட்ச் பிளேட்டைப் பொறுத்தவரை, உதறல் எப்போது வருகிறது என்பதே பாதி பதில். டர்பனின் கடல் ஈரத்தில் சில நாள் நின்ற வண்டியின் ஃப்ளைவீல் (என்ஜினோடு சுழலும் கனமான சக்கரம், பிளேட் அழுந்துவது இதில்தான்) முகத்தில் லேசாகத் துரு படியும். காலையில் நாலு தடவை உதறிவிட்டு அடங்கினால் அதை விட்டுவிடுங்கள், அது பழுதே இல்லை. டர்பனுக்கு அருகே ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் நெரிசலில் ஊர்ந்து, சூடேறிய பிறகு மட்டும் உதறினால் லைனிங் (பிளேட்டின் உராய்வுப் பரப்பு) கண்ணாடிபோல வழவழப்பாகியிருக்கலாம். சூடோ குளிரோ, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் எண்ணெய்க் கசிவைத் தேடுங்கள்: என்ஜினின் பின் சீல் அல்லது கியர் பாக்ஸின் உள்தண்டு சீல். நல்ல லைனிங்கில் வழுக்கும் வேகம் கூடினாலும் பிடிமானம் குறையாது. எண்ணெய் பட்டால் குறையும். அதனால் பிடிப்பதும் வழுக்குவதுமாக வினாடிக்குப் பத்துத் தடவை அளவில் மாறி மாறி நடக்கும். அதைத்தான் நாம் சீட்டில் உணர்கிறோம். எண்ணெய் குடித்த பிளேட்டை ஸ்பிரே அடித்துக் கழுவுவது நாலு நாள் வைத்தியம். பிளேட்டையும் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஜொகன்னஸ்பர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் டர்போ இல்லாத என்ஜின் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. அதை ஈடுகட்ட ஆக்சிலரேட்டரை அழுத்தி, கிளட்சை வழுக்கவிட்டே கிளம்புவார்கள். எம்எக்ஸ்-5 அங்கே கிளட்சைச் சீக்கிரம் தின்னும்; டர்போ உள்ள ஜிடிஐக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஃப்ளைவீலில்தான் உண்மையான போட்டி. பழைய எம்எக்ஸ்-5இல் இருப்பது ஒற்றை இரும்புத் துண்டு. நீலம் பாரித்த சூட்டுப் புள்ளிகள் தெரிந்தால் பட்டறையில் கிரைண்ட் செய்து சமப்படுத்தலாம், செலவும் அதிகமில்லை. அதைச் செய்யாமல் புதுப் பிளேட்டை மட்டும் மாட்டுவது வீண். உதறல் திரும்பி வர நிறைய வாய்ப்பு உண்டு. ஐந்தாம் தலைமுறை ஜிடிஐயில் இருப்பதோ இரட்டைத் தட்டு, நடுவே ஸ்பிரிங்குகள். என்ஜினை அணைக்கும்போது சடசடவென்று தட்டினால் அந்த ஸ்பிரிங் பக்கம் சந்தேகம் போக வேண்டும். இதைக் கிரைண்ட் செய்யாதீர்கள், மாற்றத்தான் வேண்டும். விலை கையைச் சுடும்.

அதனால்தான் இரட்டையைக் கழற்றி ஒற்றையாக்கும் கிட் பலரை இழுக்கிறது. விலை குறைவு, உள்ளே தேய ஸ்பிரிங் இல்லை, எடை குறைந்தால் என்ஜின் சுற்றும் சட்டென்று ஏறும். ஆனால் நியூட்ரலில் கியர் பாக்ஸ் கரகரக்கும், எடை குறையக் குறைய மெதுவாகக் கிளம்புவது சிரமம். தினமும் பைன்டவுனுக்கும் டர்பனுக்கும் ஓட்டுபவருக்கு இரட்டையே மேல். கயலாமி பந்தய டிராக்கில் ஓட்டுபவருக்கு ஒற்றை சரி. செம்பு பட்டன் வைத்த பந்தய பிளேட்டைப் போட்டுவிட்டு உதறுகிறது என்று புகார் சொல்லாதீர்கள். அதன் சுபாவமே அதுதான்.

எதைப் போட்டாலும் முதல் 500 முதல் 1,000 கிலோமீட்டர் வரை மென்மையாகக் கிளம்புங்கள்; புதுப் பிளேட் லேசாக உதறிப் பிறகு படியும். அதைத் தாண்டியும் உதறினால் பொருத்தியவரிடமே திரும்பக் கொண்டுபோங்கள். ஸ்ப்ளைனில் (பிளேட் உட்காரும் தண்டின் பள்ளங்கள்) கிரீஸை அள்ளிப் பூசி, அது தெறித்து லைனிங்கில் ஏறியிருக்கலாம்.