‘சுழல்’ பார்த்த கையோடு இந்தி ‘விக்ரம் வேதா’வைப் பற்றி

செஞ்சிப் பக்கம் எங்கள் ஊர். மகா சிவராத்திரி முடிந்து மாசி அமாவாசை வந்தால் ஆயா என்னை மயானத்துக்குக் கூட்டிப்போவார். மற்ற நாளில் பிள்ளைகளை அந்தத் திசைக்கே விடமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஊரே அங்கேதான் நிற்கும். தரையில் மண்ணைக் குழைத்து அங்காளம்மன் மல்லாந்து படுத்திருப்பதுபோல் செய்து, மஞ்சளும் குங்குமமும் அப்பியிருப்பார்கள். முகத்தில் சாயம் பூசி அம்மன் வேஷம் கட்டியவர்கள் ஆடி வருவார்கள். அப்புறம் கொள்ளை விடுவார்கள். சுண்டல், நெல், காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கும். ஆயா முந்தானையை விரித்துப் பிடித்து, விழுந்ததை முடிந்துகொண்டு வருவார். அந்த ஒரு பிடி நெல் வீட்டு விதைநெல்லோடு சேரும்.

‘சுழல்’ தொடரில் அந்த மயானக் கொள்ளை வந்ததும், சாய்ந்து கிடந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

இத்தனைக்கும் தொடரைப் பார்க்க உட்கார்ந்த காரணம் வேறு. கணவன் மனைவியான இயக்குநர்கள் புஷ்கர் காயத்ரி தங்களுடைய ‘விக்ரம் வேதா’வைத் தாங்களே இந்தியில் எடுத்திருக்கிறார்கள். மாதவன் இடத்தில் சைஃப் அலி கான், விஜய் சேதுபதி இடத்தில் ஹிரித்திக் ரோஷன். 2022 செப்டம்பர் 30 வெளியீடு, அதற்கு முன்பு எழுதுவது இது. தமிழ்ப் படம் 2017 ஜூலையில் வந்தபோது திருவண்ணாமலையில் இரண்டு தடவை பார்த்தேன். அம்புலிமாமா படித்து வளர்ந்த எனக்கு, வேதாளம் கதை சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டு முருங்கை மரம் ஏறுவதை வடசென்னை ரவுடி வேதாவாகவும் என்கவுன்டர் போலீஸ் விக்ரமாகவும் மாற்றியவர்கள் மேல் தனி மரியாதை. 2007-ல் ‘ஓரம் போ’, 2010-ல் ‘வ குவார்ட்டர் கட்டிங்’, அப்புறம் ஏழு வருடம் எதுவும் இல்லாமல் இந்தப் படம். அதற்குப் பிறகு மறுபடி ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் அவர்கள் கை எப்படி மாறியிருக்கிறது என்று பார்க்கக் கிடைத்திருப்பது 2022 ஜூன் 17-ல் அமேசான் பிரைமில் வந்த ‘சுழல்’தான். எட்டு எபிசோட். அக்காவும் நானும் இரண்டு ராத்திரியில் முடித்தோம்.

கதை நடப்பது சாம்பலூர் என்ற கற்பனை மலையூரில். சிமென்ட் ஆலையில் தொழிலாளர் போராட்டம். சங்கத் தலைவர் சண்முகமாக பார்த்திபன், போராட்டத்தை அடக்க வரும் இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டி. அன்று இரவே ஆலை எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரில் அம்மன் திருவிழா தொடங்குகிறது. சப் இன்ஸ்பெக்டர் சக்கரை, அதாவது கதிர், விசாரிக்க ஆரம்பிக்கிறார். பல வருடம் முன்பு வீட்டை விட்டுப் போன மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷ் திரும்பி வருகிறார். யார் செய்தது என்பதைச் சொல்லமாட்டேன். இன்னும் பார்க்காதவர்களுக்கு அதைக் கெடுக்க மனமில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது, திருவிழாவை அவர்கள் வைத்திருக்கும் இடம். பொதுவாக நம் படங்களில் திருவிழா என்றால் ஒரு பாட்டு, ஒரு வெட்டுக்குத்து, அவ்வளவுதான். இங்கே ஒவ்வொரு நாளின் சடங்கும் விசாரணையின் ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் நடக்கிறது. போலீஸ் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஊர் முழுக்க முகத்தில் சாயம் பூசிக்கொண்டு திரிகிறது. அங்காளம்மன் கதை தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் உறைக்கும். பிரம்மனின் ஒரு தலையைக் கிள்ளிய சிவனின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொள்கிறது, போடும் சோற்றையெல்லாம் அதுவே தின்றுவிடுகிறது. மேல்மலையனூரில் அம்மன் மயானத்தில் சோற்றை இறைக்க, அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்குகிறது, அவள் மிதித்துவிடுகிறாள். இதுதான் ஆயா எனக்குச் சொன்ன கதை. தெய்வத்தின் கையிலேயே பாவம் ஒட்டிக்கொள்ளும் கதை அது. ‘விக்ரம் வேதா’வில் விக்ரமுக்கு நடப்பதும் இதுதானே? நாம் நல்லவர்கள், சுட்டதெல்லாம் கெட்டவர்களை என்று நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவன், வேதா சொல்லும் மூன்று கதைகளுக்குப் பிறகு தன் கையைத் தானே பார்க்க வேண்டியிருக்கிறது. சாம்பலூரிலும் சக்கரை, ரெஜினா, சண்முகம் மூன்று பேருமே தங்கள் பக்கம்தான் நியாயம் என்ற உறுதியோடு கதைக்குள் வருகிறார்கள். ஒருவர் கூட அந்த உறுதியோடு வெளியே போவதில்லை.

ரெஜினாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரேயா ரெட்டியை இவ்வளவு காலம் ஏன் பயன்படுத்தாமல் விட்டார்கள் என்று வருத்தமாக இருந்தது. போராட்டக்காரர்கள் முன்னால் நிற்கும்போது குரலில் துளி ஈரம் இல்லை. வீட்டுக்குள் மகனிடம் பேசும்போதும் அந்தக் குரல் முழுதாக இறங்குவதில்லை. சீருடையைக் கழற்றிய பிறகும் இன்ஸ்பெக்டராகவே இருக்கும் அம்மா. மகன் வாய் திறந்து எதையும் சொல்லாமல் இருப்பதற்கு அந்தக் குரலே போதும் என்று நமக்குப் புரிகிறது, அவருக்குத்தான் புரிவதில்லை. பாதி தாண்டியதும் இவரும் சண்முகமும் ஒரே துக்கத்துக்கு ஆளாகிறார்கள். அதுவரை எதிரும் புதிருமாக நின்றவர்கள். அக்கா அந்த இடத்தில் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மறுபடி ஓடவிட்டாள். அவளுக்குப் பதினான்கு வயதில் மகன் இருக்கிறான்.

கதிர் ‘விக்ரம் வேதா’வில் வேதாவின் தம்பி புள்ளியாக நடித்தவர். அங்கே எல்லோரும் காப்பாற்ற நினைக்கும் சின்னப் பையன். இங்கே சட்டையில் நட்சத்திரத்தோடு, காப்பாற்ற முடியாமல் போன பிள்ளைகளைத் தேடி அலைகிறார். நல்ல நடிப்பு, ஆர்ப்பாட்டமே இல்லை.

குறைகளும் உண்டு, சும்மா விடமுடியாது. நடுவில் இரண்டு எபிசோட் நீட்டம். ஆலை முதலாளி குடும்பத்தின் மேல் சந்தேகத்தைத் திருப்பும் இடங்களில், இது நம்மைச் சுற்றவிடுவதற்காகத்தான் என்று எளிதில் தெரிந்துவிடுகிறது. சாம் சி.எஸ். இசை பல காட்சிகளில் நமக்கு முன்பாகவே பயந்துவிடுகிறது. நிசப்தமாக விட்டிருந்தால் இன்னும் கனத்திருக்கும். கடைசி எபிசோடில் ஆட்கள் நின்று விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழு எபிசோட் கூடவே வந்தவர்களுக்கு அவ்வளவு விளக்கம் தேவையில்லை. இன்னொன்று, ஊர்ப் பேச்சு. திருவிழாவை அத்தனை நுணுக்கமாகப் பிடித்தவர்கள் நாக்கைப் பிடிக்கவில்லை. நீலகிரி மலையில் கதை நடப்பதாகக் காட்டுகிறார்கள், ஆனால் படகர்களின் பேச்சோ மலையூர்ப் பேச்சோ என் காதில் விழவேயில்லை. எல்லோரும் ஏறக்குறைய ஒரே தமிழ் பேசுகிறார்கள்.

சரி, இதை வைத்து இந்திப் படத்தைக் கணிக்க முடியுமா? முதலில் ஒரு சிக்கல். ‘சுழல்’ புஷ்கர் காயத்ரியின் எழுத்து, ஆனால் இயக்கம் அவர்களுடையது இல்லை. முதல் நான்கு எபிசோடுகள் ‘குற்றம் கடிதல்’ பிரம்மா, அடுத்த நான்கு ‘கிருமி’ அனுசரண். ஆகவே இந்தத் தொடர் அவர்கள் எழுத்தைத்தான் காட்டும். படத்திலோ எழுத்து நமக்கு ஏற்கெனவே தெரியும், ஐந்து வருடமாக மனப்பாடம். ஆகஸ்ட்டில் வந்த டீசரைப் பார்த்தபோதும் பழைய படத்தையே வேறு முகங்களோடு பார்ப்பதுபோல் இருந்தது. அதனால் எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

இருந்தாலும் தொடரிலிருந்து ஒன்றை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறேன். பெண்களைப் பார்க்கும் கண். ‘விக்ரம் வேதா’வை நான் எவ்வளவு கொண்டாடினாலும், அதில் பிரியா எனக்குப் போதவில்லை. விக்ரமின் மனைவி, வேதாவின் வக்கீல். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவ்வளவு பெரிய முடிச்சை ஒரு பெண் கையில் கொடுத்துவிட்டு, அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைக்கிறாள் என்று படம் அதிகம் கேட்கவில்லை. இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்ளும் கதைக்கு அவள் வாசற்படியாக நின்றாள். ‘சுழல்’ எழுதிய கை அப்படி எழுதாது. ரெஜினா, நந்தினி, நிலா, சக்கரைக்கு நிச்சயமான லட்சுமி, பக்தியில் கரைந்துபோகும் நந்தினியின் அம்மா தேவி என்று ஒவ்வொருத்திக்கும் தனி அறை இருக்கிறது, அறைக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. முக்கியமாக நந்தினி. வீட்டை விட்டு ஏன் போனாள் என்பதை எல்லோரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், அவள் வாயால் கேட்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. சிறு வயதில் ஒரு பெண் சொன்னதைப் பெரியவர்கள் காதில் வாங்காமல் விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதுதான் இந்த எட்டு எபிசோடும். இதை எழுதிய இருவரும் தங்கள் பழைய திரைக்கதையை மறுபடி கையில் எடுக்கும்போது பிரியாவைக் கடந்து போயிருக்க முடியாது என்று நினைக்கிறேன். இந்தியில் ராதிகா ஆப்தே செய்கிறார். அவருக்கு நான்கு காட்சி கூடியிருந்தாலே எனக்குப் போதும்.

மொழி விஷயத்திலும் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தமிழில் மணிகண்டன் எழுதிய வசனம் அந்தப் படத்தின் உயிர். பரோட்டாவையும் நல்லி எலும்பையும் வைத்துக்கொண்டு வேதா பேசும் பேச்சு அந்த மண்ணில் மட்டுமே வரும். இந்தியில் கதையை லக்னோ பக்கம் கொண்டுபோயிருக்கிறார்கள், வசனத்தை பெனசீர் அலி ஃபிதாவும் மனோஜ் முன்தஷிரும் எழுதியிருக்கிறார்கள். முன்தஷிர் அமேதிப் பக்கத்துக்காரர். சாம்பலூரில் விட்டதை அங்கே உள்ளூர்க்காரர் கையில் கொடுத்திருக்கிறார்கள். நல்ல முடிவு.

‘சுழல்’ தொடருக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், பிள்ளைகள் தூங்கிய பிறகு. படத்துக்கு முதல் நாளே போவதாக அக்காவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கு இந்தி வராது, அதனால் சப்டைட்டில் போடுகிற தியேட்டரா என்று முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும். வேதா போலீஸ் முன்னால் வந்து நிற்கும் காட்சிக்கு எல்லோரும் விசில் அடிப்பார்கள். நான் காத்திருப்பது, வீட்டில் புருஷன் எதிரில் பிரியா வேதாவின் வக்கீலாகப் பேசும் காட்சிக்கு.