தஞ்சையா, கங்கைகொண்ட சோழபுரமா? ஒரே நாளில் சோழர் தலைநகர் பார்க்க நினைப்பவர்களுக்கு

இரண்டும் சோழர் தலைநகரங்கள். இரண்டிலும் வானளாவிய விமானம், யுனெஸ்கோ பட்டயம், பெரிய லிங்கம். அதனால் ஒன்றைப் பார்த்தால் போதும் என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது தவறு. எதைத் தேடிப் போகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

நகரம் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சைதான். ஆனால் அங்கே கண்ணில் படும் நகரம் சோழருடையது அல்ல. 850 வாக்கில் விஜயாலயன் பிடித்த ஊரை, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் எரித்து இடித்தான். பெரிய கோயில் நின்றது, சோழர் அரண்மனை போயிற்று. இன்றுள்ள கோட்டை, அகழி, அரண்மனை எல்லாம் நாயக்கரும் மராத்தியரும் விட்டுச்சென்றவை. கோயிலுக்குள்ளேயும் அப்படித்தான். எல்லோரும் நின்று படமெடுக்கும் பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, முருகன் சந்நிதியும் அவர்கள் கட்டியதே. அம்மன் சந்நிதி பாண்டியர் காலத்தது. ராஜராஜன் கட்டியது விமானமும் இரண்டு வாசல்களும் சுற்றுமாளிகையும். 1010இல் முடிந்த அந்த விமானத்தின் உயரம் சுமார் 216 அடி. உச்சியிலிருப்பது 80 டன் ஒற்றைக்கல் என்பதும், நிழல் தரையில் விழாது என்பதும் வழிகாட்டிகளின் கைச்சரக்கு. உச்சி பல கற்களை இணைத்துச் செய்தது. நிழல் தினமும் விழுகிறது, காலையில் மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள்.

தஞ்சையின் உண்மையான செல்வம் எழுத்து. விமானத்தின் அடிப்பகுதியில் ‘நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்’ என்று அரசன் தானே பேசுவதுபோலக் கணக்கு ஓடுகிறது. கோயில் பணிக்கு அமர்த்திய 400 ஆடல் மகளிருக்கு (தளிச்சேரிப் பெண்டுகள்) எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை கல்லில் இருக்கிறது. எரிந்துபோன நகரத்தின் முகவரிப் புத்தகம் என்றே இதைச் சொல்லலாம். எதிர்ப்பக்கத்தில், சுற்றுமாளிகையின் தென்மேற்குச் சுவரில் 1803இல் மராத்திய மன்னர் சரபோஜி வெட்டுவித்த மராத்திக் கல்வெட்டு.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் போனால் இந்தப் பேச்சு கேட்காது. ராஜேந்திரன் கட்டிய கோயிலில் அவன் காலத்துக் கல்வெட்டே இல்லை. கிடைப்பவற்றில் பழையது அவன் மகன் வீரராஜேந்திரனுடையது. ஏறத்தாழ 250 ஆண்டு தலைநகராக இருந்த ஊர் இன்று சாலையோரக் கிராமம். மதிலும் கோபுரமும் ஏன் குறையாக நிற்கின்றன என்றால், 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கல் தேவைப்பட்டது, இங்கிருந்து பெயர்த்துக்கொண்டு போனார்கள். கும்பகோணத்திலிருந்து வரும் சாலை அந்த அணைக்கரையைக் கடந்துதான் வருகிறது. அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளங்கள் மட்டுமே. அகழாய்வில் ஆர்வமில்லாதவர்களுக்குப் பத்து நிமிட வேலை.

ஆனால் சிற்பத்தில் இந்த ஊர் தஞ்சையை மிஞ்சிவிடுகிறது. தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும், 13 நிலை. இங்கே 9 நிலை, சுமார் 180 அடிதான். சதுரமாகத் தொடங்கி, எண்கோணமாகி, வட்டத்தில் முடியும்போது விளிம்புகள் உள்வாங்கி வளைகின்றன. தஞ்சையின் மேல்வரிசை மாடங்களில் முப்புரம் எரித்த சிவனான திரிபுராந்தகரே திரும்பத் திரும்ப வருவார், போர்க்கோயில் மனநிலை. இங்கே வடக்கு வாசல் படிக்கட்டருகே நின்று சண்டேச அனுக்கிரக மூர்த்தியைப் பாருங்கள். உமையோடு அமர்ந்த சிவன், கீழே கைகூப்பி அமர்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். மாலையைப் பிடித்த விரல்களையும் குனிந்த தலையையும் பார்க்க, வடசுவரில் நேர் வெயில் விழாத பொழுதே நல்லது. பக்கத்திலேயே சரஸ்வதி. இந்த இரண்டுக்காக மட்டுமே கும்பகோணத்திலிருந்து 35 கிலோமீட்டர் வரலாம்.

தஞ்சைக்குச் சாதகமாக இன்னொன்று, அரண்மனைக் கலைக்கூடம். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் செப்புத் திருமேனி அங்கேதான். காளை காணாமல் போய்விட்டது. காலைக் குறுக்கே வைத்து, இல்லாத காளைமேல் கையை ஊன்றி நிற்கிறார். தலைப்பாகையாகச் சுற்றிய சடையைப் பின்புறமிருந்தும் பார்க்கத் தவறாதீர்கள். சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடமும் அதே வளாகம்.

பெரும்பாலும் திட்டம் கெடுவது நண்பகலில். இரண்டு கோயிலிலும் மதியம் 12, 12.30க்குச் சந்நிதி சாத்தினால் மாலை 4க்குத்தான் திறப்பு. அந்த நேரத்தில் கருங்கல் தரையில் வெறுங்காலோடு சுற்ற முடியாது. தஞ்சையில் மதியத்தை அரண்மனையில் கழித்துவிடலாம். சோழபுரத்தில் ஒதுங்க மரநிழல்தான். ஆகவே தங்குமிடம் கும்பகோணம். காலை 6 மணிக்குக் கிளம்பி சோழபுரத்தில் இரண்டு மணி நேரம், திரும்பும் வழியில் 11 மணிக்குள் தாராசுரம் சோழர் கோயில் (கும்பகோணத்துக்கு 4 கிலோமீட்டர், அடிப்பகுதியில் ஒரு சாண் உயரப் பட்டியில் நாயன்மார் கதைகள்), சாப்பிட்டுவிட்டு 40 கிலோமீட்டர் தஞ்சை. 2 மணிக்குக் கலைக்கூடம், 4.30க்குப் பெரிய கோயில். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் சோழபுரத்தில் இருட்டில் சிற்பம் தேட நேரிடும். பேருந்தில் மூன்றையும் ஒரே நாளில் முடிப்பது சிரமம்; வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

பிரதோஷ மாலையில் தஞ்சைக் கோயிலில் நந்தி அபிஷேகக் கூட்டம் நெரியும், கல்வெட்டு பார்க்க அது நாளல்ல. ராஜராஜன் பிறந்தநாளான ஐப்பசிச் சதய விழாவும் அப்படியே. சோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகம்: 13 அடி லிங்கத்தைச் சோற்றால் மூடுவதைப் பார்க்க விரும்பினால் அன்றே வாருங்கள், சிற்பங்களை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கோயிலிலும் கருவறைக்குள் படமெடுக்கக் கூடாது. தஞ்சையில் உள்சுற்றுச் சோழ ஓவியங்களும் மேல்தளத்துக் கரணச் (நடன நிலை) சிற்பங்களும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அவற்றை மட்டும் நினைத்துக் கிளம்ப வேண்டாம்.