கட்டைவிரல் மரத்துப்போன லீவு

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் 14 வருஷமாக வெல்டிங் வேலை. இந்தத் தடவை லீவுக்குச் செங்கோட்டை வந்தபோது கழுத்துவலியும் கூடவே வந்தது. வலி வலது தோள் வழியாக இறங்கி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துக் கிடந்தன. சோற்றைப் பிசைந்தால் அந்த இரண்டு விரலுக்கும் சூடு தெரியவில்லை.

“தைலம் தேய்ச்சது போதும் அத்தான், ஒரு ஸ்கேன் எடுத்திருவோம்” என்று மைத்துனன் தென்காசிக்குக் கூட்டிப்போனான். அங்கே படிவம் எழுதிய பெண், “என்ன வேலை பார்க்கீங்க அண்ணாச்சி?” என்று கேட்டது. வெல்டிங் என்றதும் பேனாவை வைத்துவிட்டது. கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் தெறித்ததா என்று அடுத்த கேள்வி. தெறிக்காமல் இருக்குமா? எம்.ஆர்.ஐ. மெஷின் பெரிய காந்தம். கண்ணுக்குள் துளி இரும்பு தங்கியிருந்தாலும் அது அசைந்து பார்வையைக் கெடுத்துவிடுமாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்து, சரி என்ற பிறகுதான் உள்ளே விட்டார்கள். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும். வெல்டிங், கிரைண்டிங், லேத் வேலை செய்கிறவர்கள் யாரும் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும்தான்.

அரைஞாண், தாயத்து, மோதிரம் எல்லாம் கழற்றியாயிற்று. அரைமணி நேரம் அசையாமல் படுக்க வேண்டும். காதில் பஞ்சு வைத்தும், இரும்புத் தகட்டைச் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம். எனக்கு அது பழகிய சத்தம்.

சாயங்காலம் ஃபிலிமும் சிடியும் கையில். கவுன்டரில் இருந்த பையன் ரிப்போர்ட்டைப் பார்த்து, “மூணு இடத்துல ஜவ்வு பிதுங்கியிருக்கு, ஆபரேஷன்தான் போல” என்று சொல்லிவிட்டான். அவன் அதைச் சொல்லியிருக்கவே கூடாது. அன்றைக்கு ராத்திரி நானும் வீட்டுக்காரியும் தூங்கவில்லை.

மறுநாள் புனலூரில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்க்கப் போனோம். ஆரியங்காவு மலைப்பாதை வளைவுகளில் கழுத்து தாங்காதென்று ரயிலில் போனோம். பதிமூன்று கண் பாலம் தாண்டும்போதுகூட நான் வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

டாக்டர் ஃபிலிமைத் தொடவே இல்லை. ஊசிமுனையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக் கேட்டார். முழங்கை மடிப்பில் சின்னச் சுத்தியலால் தட்டினார்; இடது கை துள்ளியது, வலது கை சும்மா கிடந்தது. தலையை வலப்பக்கம் சாய்த்து அழுத்தியதும் கட்டைவிரல் வரை கரண்ட் பாய்ந்தது. சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், கோடு பிடித்தாற்போல நடக்கச் சொன்னார். அப்புறம்தான் ஃபிலிமை விளக்கில் மாட்டினார். கழுத்தில் ஐந்தாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவே பிதுங்கிய ஜவ்வு, அங்கே வெளிவரும் ஆறாவது நரம்பை நெருக்குகிறது. கட்டைவிரல் பக்கத்து உணர்ச்சி அந்த நரம்புடையது. “மற்ற ரெண்டும் வயசுக்கு வர்றது. வலியே இல்லாத ஆளை ஸ்கேன் எடுத்தாலும் இப்படித் தெரியும்” என்றார்.

மாத்திரை, பிசியோதெரபி, ஆறு வாரம் பொறுத்துப் பார்ப்பது. பொத்தான் போட முடியாமல் கை தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அது தண்டுவடமே நெருக்கப்படுவதன் அறிகுறியாம்.

சிங்கப்பூர் திரும்பி ஐந்து வாரமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சோறு பிசையும்போது ஆள்காட்டி விரலில் சுரீரென்று சூடு தெரிந்தது. உடனே வீட்டுக்காரிக்குப் போன் போட்டேன். கட்டைவிரல் நுனி மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.