கோழி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்

போன மாதம் ஒரு கடையில் ஷவர்மா சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் பாத்ரூமே கதி என்று கிடந்த பிறகுதான் ரிச்சி தெருவில் 400 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். கோழிக்கறியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா கிருமி கண்ணுக்கும் தெரியாது, நாற்றமும் அடிக்காது, கறியின் தடித்த இடம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் நம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை வறுவலில் லெக் பீஸ் நன்றாகச் சிவந்து மிளகு வாசனை தூக்கியது. "இறக்குடா, கருகப் போகுது" என்று அம்மா கத்த, எலும்பில் படாமல் குத்திப் பார்த்தால் 61! மூடி போட்டு இன்னும் 8 நிமிடம் வைத்தோம். அதற்கப்புறம் அம்மா கேலி செய்வதில்லை.

கொதிக்கிற தண்ணீரில் 99 காட்டியது, அது போதும். எண் நிற்க ஆறேழு நொடி ஆகிறது. பச்சைக் கறியில் குத்திய முனையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் வெந்ததில் குத்தினால் வாங்கியதே தண்டம்.

எல்லாவற்றுக்கும் இது உதவாது. வெளியே கிடந்த சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா விட்டுப்போகும் விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது, சீக்கிரம் ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் வழி. பச்சை முட்டை மயோனைஸுக்கும் இது உதவாது, அதைச் சூடாக்கியா தின்னப் போகிறோம்? 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை போட்டது சும்மா இல்லை.

பேட்டரி மூடி மட்டும் லொடலொட, ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். ஐந்துக்கு நாலு.