வெள்ளைச் சுறாவைக் கூண்டிலிருந்து பார்க்க: கான்ஸ்பாயா, போர்ட் லிங்கனா?

கடலில் இறக்கிய கூண்டுக்குள் நின்று வெள்ளைச் சுறாவைப் பார்க்க எங்கே போகலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் தென்னாப்பிரிக்காவைத்தான் சொல்வார்கள். பத்து வருடத்துக்கு முன்பென்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டு கான்ஸ்பாய் என்றிருப்பேன். இப்போது சொல்ல மாட்டேன்.

வசதியில் கான்ஸ்பாய்க்குக் குறையே இல்லை. கேப் டவுனிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். பக்கத்து க்ளைன்பாய் துறையில் படகேறினால் கொஞ்ச நேரத்தில் டயர் தீவுப் பக்கம் போய்விடலாம். அங்கே பாறை நிறைய கடல்நாய்கள். அவற்றைத் தின்னத்தான் சுறாக்கள் வந்துகொண்டிருந்தன.

கூண்டைப் படகின் பக்கவாட்டில் கட்டியிருப்பார்கள். அதன் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருக்கும். காற்று சிலிண்டர் எதுவும் கிடையாது. தடித்த ரப்பர் உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, தலையை வெளியே வைத்துக் குளிரில் நடுங்கியபடி காத்திருக்க வேண்டும். கயிற்றில் கட்டிய மீன்தலையை நோக்கிச் சுறா வருவது தெரிந்ததும் மேலே நிற்பவர் 'டௌன், டௌன்!' என்று கத்துவார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்பக்கக் கம்பியைப் பற்றி உடம்பைக் கீழே அழுத்தினால் சில விநாடிக் காட்சி கிடைக்கும். தண்ணீர் கலங்கிப் பச்சையாக இருக்கும் நாளில் அதுவும் அரைகுறைதான்.

ஆனால் சிக்கல் சுறாவே வராததுதான். 2017-இல் கான்ஸ்பாய்ப் பக்கம் வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் அடுத்தடுத்துக் கரை ஒதுங்கின. பெரும்பாலானவற்றில் ஈரலைக் காணோம். வேலையைக் காட்டியவை ஓர்கா திமிங்கிலங்கள். அதிலும் முக்கியமானவை முதுகுத் துடுப்பு ஆளுக்கொரு பக்கமாகச் சாய்ந்த இரண்டு ஆண் ஓர்காக்கள். போர்ட், ஸ்டார்போர்ட் (கப்பல்காரர் பேச்சில் இடது, வலது) என்று அவற்றுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ஓர்காவின் வாடை பட்டால் மற்ற சுறாக்களும் இடத்தைக் காலி செய்கின்றன. பழியை ஓர்கா மேல் மட்டும் போடாதீர்கள், கடலில் குளிப்பவர்களைக் காக்கக் கட்டும் சுறா வலைகளும், வெள்ளைச் சுறாவுக்கு இரையாகும் சிறு சுறாக்களை அள்ளும் மீன்பிடிப்பும் காரணம் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எது எப்படியோ, இன்று அங்கே கூண்டில் இறங்குபவர் பார்ப்பது பெரும்பாலும் 'புரான்ஸ் வேலர்' (bronze whaler) என்ற வேறு வகைச் சுறாவை. அதுவும் நல்ல காட்சிதான். ஆனால் விளம்பரத்தில் வாயைப் பிளந்து நிற்கிற ஆசாமி அது இல்லை. வெள்ளைச் சுறா வாய்ப்புக்கு அந்த நாட்டிலேயே கிழக்கே மாசல் பே கொஞ்சம் மேல். ஓர்காக்கள் அங்கேயும் வந்து போகின்றன.

தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனுக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை. அடிலெய்டிலிருந்து சிறு விமானம், அப்புறம் நெப்டியூன் தீவுகளுக்குப் படகில் இரண்டரை, மூன்று மணி நேரம். நடுவில் தென்கடல் குடலைப் புரட்டும். வாந்தி மாத்திரையைப் படகேறிய பிறகு தேடிப் பயனில்லை, முன்னாடியே போட்டுவிட வேண்டும். செலவும் கான்ஸ்பாயைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கொடுத்த காசுக்கு அங்கே கிடைப்பது நேரம். படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வருவதால் தலையை வெளியே நீட்டாமல் நீருக்குள்ளேயே நிற்கலாம். தண்ணீரும் தெளிவு. தூரத்தில் சாம்பல் நிழலாகத் தொடங்கும் சுறா முழு உருவமாகி, கூண்டை ஒட்டித் திரும்பி, மறுபடி மறைவது வரை பார்க்கலாம். முக்குளிப்புச் சான்றிதழ் உள்ளவர்களைக் கடலடி வரை கூண்டில் இறக்கும் பல நாள் பயணங்களும் உண்டு. அதைத் தொடங்கியவர் ராட்னி ஃபாக்ஸ். 1963-இல் மீன் வேட்டைப் போட்டியில் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டு, உடம்பெல்லாம் தையலோடு பிழைத்தவர். அதன் பிறகுதான் சுறா பார்க்கும் கூண்டைக் கட்டினார். கடித்ததையே தேடிப் போன மனுஷன்!

இரத்தமும் மீனும் கொட்டிச் சுறாவை இழுப்பது உறுத்துகிறது என்றால், நீருக்கடியில் ஒலி எழுப்பி வரவழைக்கும் முறையையும் போர்ட் லிங்கனில் கையாண்டிருக்கிறார்கள். அங்கேயும் சுறாவே தலைகாட்டாத நாள்கள் உண்டு.

மெக்சிகோவின் குவாதலூப்பே தீவை யாராவது பரிந்துரைத்தால் அது பழைய தகவல். கண்ணாடி போன்ற தண்ணீர்தான், ஆனால் 2019-இல் ஒரு சுறா கூண்டில் சிக்கிச் செத்தது. 2023 தொடக்கத்தில் அரசு அங்கே சுறாச் சுற்றுலாவையே நிறுத்திவிட்டது.

எப்படியும் கேப் டவுன் போகிறீர்கள், ஒரு நாள் கையில் இருக்கிறது என்றால் கான்ஸ்பாய் போய் வாருங்கள். பருவத்தில் திமிங்கிலமும் கண்ணில் படும். வெள்ளைச் சுறாவுக்காக மட்டுமே பணம் சேர்க்கிறீர்களா? அப்படியானால் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போர்ட் லிங்கன் போங்கள். எதுவானாலும் முன்பதிவுக்கு முன் படகுக்காரரிடம் 'போன மாதம் எத்தனை நாள் வெள்ளைச் சுறா வந்தது?' என்று கேளுங்கள். 'சுறா நிறைய வந்தது' என்று மழுப்பினால், எந்தச் சுறா என்று திருப்பிக் கேளுங்கள்.